நாலு பேர் கல்

என் அக்கா கதீஜா ராத்தா கிணற்றடியில் குந்தியிருந்து கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆதம்பாவா மச்சான் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே வந்திருக்க வேண்டும். தலையில் தொப்பி அப்படியே இருந்தது.

ஆதம்பாவா மச்சான் ராத்தாவின் கணவருக்கு நேரே இளையவர்; அண்ணனைக் காக்கா என்பார். வழக்கமாக வந்ததும், "மதினி, ஒரு வாய் தேத்தண்ணி" என்பார். அன்று கேட்கவில்லை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மதினி, கல்லுக்காரர் நாளைக்கு எழுத்து வெட்டப் போறார்" என்றார். "காக்காட பேரையும் சேத்துப் போடச் செல்லட்டா?"

ராத்தா கையிலிருந்த மீனின் செவுளைக் கிள்ளி எறிந்தாள்.

"அவர்ட மையத்த நீங்க கண்டீங்களா?" செத்த உடலைத்தான் கேட்டாள்.

"இல்ல மதினி."

"வேற ஆரும் கண்டாங்களா?"

"இல்ல."

"அப்ப பேரப் போட வேணாம்."

அவள் குரல் உயரவில்லை. கறிக்கு உப்புப் போதும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.  மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராத்தா கழுவிய மீனையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் எங்கள் ஊர் வட்டை றோட்டில் நிற்கும் கல்லில் நாலு பெயர்கள் வந்தன.

தபால் கந்தோரில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதும்போது, 'நாலு பேர் கல்லடியில் இறங்கி நடந்தேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அது என்ன கல் என்று வாசகர் சிலர் கேட்டிருக்கிறார்கள். வெளியூரார் கேட்பதில் வியப்பில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இப்போது அது ஒரு தரிப்பிடத்தின் பெயர்தான். அங்கே ஐந்தாவதாக ஓர் ஆள் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

சூடு வைத்த வயல்

வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை. கடலோரம் வீடு, மேற்கே வயல், நடுவில் ஒரு கிறவல் றோட்டு. எங்கள் பக்கத்து ஊர்கள் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். மாரிகாலத்தில் அந்த றோட்டில் நின்று பார்த்தால் மாவடிப்பள்ளிப் பக்கம் வரை ஒரே பச்சை. காற்றடித்தால் கடலும் வயலும் ஒரே மாதிரி இரையும்.

எங்கள் வழக்கப்படி ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டு வளவுக்கே வந்தவர் அலியார் மச்சான். நெடிய மனிதர். மெல்லப் பேசத் தெரியாது. வயலால் வரும்போது றோட்டு முனையிலேயே, "கதீஜா, சோத்தப் போடு" என்று கூப்பிடுவார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சோறு போட்டுவிடுவார்கள் என்று உம்மா கேலி செய்வா. பச்சை மிளகாய் கடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. முடித்து வந்த புதிதில் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்து, பிறகு தானே வேலியோரம் ஒரு கொச்சிச் செடி நட்டார்.

உள்நாட்டுச் சண்டை மும்முரமாக இருந்த காலம். பெரும்போகம் வெட்டி, நெற்கதிரைப் போராக அடுக்கிச் சூடு வைத்திருந்தார்கள். அடிப்பதற்கு மெசின் வரப் பயந்தது. விளைந்த நெல்லை வெளியில் போட்டுவிட்டு வீட்டில் இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. அலியார் மச்சானையும் சேர்த்து ஐந்து பேர் காவலுக்குப் போனார்கள். பகலில் நின்று பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பிவிடுவது என்றுதான் பேச்சு.

அன்று யாரும் திரும்பவில்லை. விடிந்ததும் ஊர் திரண்டு போனது. வாய்க்கால் ஓரத்தில் நாலு பேர் கிடந்தார்கள். அலியார் மச்சானைக் காணவில்லை.

அந்த நாளில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் எல்லாத் திசையிலும் இருந்தார்கள். செய்தது யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நெடிய மனிதர் ஒருவரைக் கைகட்டிக் கூட்டிப்போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கேட்டுப் போனால், தான் காணவில்லை, கண்டவர் ஒருவர் சொன்னார் என்பார். ஆதம்பாவா மச்சான் எத்தனையோ முகாம் வாசல்களில் போய் நின்றார். ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

நாலு மையத்தையும் ஒரே நாளில் அடக்கினார்கள். அந்த நாலு வீட்டுப் பெண்களும் வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவர் வீட்டோடு காக்கும் இத்தா இருந்தார்கள். ராத்தா இருக்கவில்லை. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை.

வயதில் மூத்த பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். ஒருவர் மெல்ல ஆரம்பித்தார்.

"புள்ள, மனசு கேக்காதுதான். ஆனா மார்க்கம் செல்றதச் செய்யணுமே."

"உசிரோட இரிக்கிறவருக்கு இத்தா இருக்கச் செல்லி எந்த மார்க்கத்தில இரிக்கி?" என்று ராத்தா கேட்டாள்.

அவர்கள் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எங்கள் வீட்டில் எடுக்கவில்லை. வெளியில் கதைத்தார்கள். மூக்குத்தியைக் கழற்றவில்லை, நிறச்சேலை உடுக்கிறாள் என்றெல்லாம் என் காதுக்கு வரும். நான் ராத்தாவிடம் சொன்னதில்லை.

அடுத்த மாரி தொடங்குமுன் றிஸ்வானா பிறந்தாள்.

கல் வந்த விதம்

சில வருடம் அந்த வட்டைக்கு ஒருவரும் போகவில்லை. வயலெல்லாம் பன்புல் மூடிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்லப் போகத் தொடங்கினார்கள். வாய்க்கால் ஓரத்தில் அந்த இடம் வரும்போது உழவு மெசின் ஓட்டுகிறவர்கூட வேகத்தைக் குறைப்பார். சிலர் நின்று பாத்திஹா ஓதிவிட்டுப் போவார்கள். அடையாளம் என்று எதுவும் இல்லை. ஒரு மருதமரம் மட்டும்.

அந்த இடத்தில் ஒரு கல் வைக்க வேண்டும் என்று தொடங்கியவர் ஆதம்பாவா மச்சான்தான். அவர் அப்போது உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தார். தன் வயலோடு காக்காவின் வயலையும் செய்கை பண்ணி, ஒவ்வொரு போகமும் நெல்லைக் கொண்டுவந்து ராத்தாவின் வீட்டில் இறக்குவார். உலர்ந்த நெல்லாகப் பார்த்து எங்களுக்குத் தந்துவிட்டு ஈரநெல்லைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தோம்.

கல் விஷயம் பள்ளிவாசலில் பல நாள் இழுபட்டது. பெயர் எழுதிக் கல் நாட்டுவது நமது வழக்கமில்லை என்று சிலர் சொன்னார்கள். செத்தவர்கள் நம்முடைய பிள்ளைகள், அதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு யாருக்குத் தெரியும் என்று சிலர். இரண்டு பக்கத்திலும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். கடைசியில், கல் வைக்கலாம், ஆனால் அது நாலு பேருக்கு உதவ வேண்டும் என்று முடிவானது. தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டிக் குழாய் பூட்டுவது. அதன் முகப்பில் கல்லைப் பதிப்பது. வட்டைக்குப் போகிறவர் குடித்துவிட்டுப் போகட்டும், அதன் நன்மை செத்த நாலு பேருக்கும் சேரட்டும்.

எழுத்து வெட்டியவர் பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழர். மேலே 'இவ்விடத்தில் ஷஹீதானவர்கள்', அதாவது உயிர்த்தியாகிகளானவர்கள், என்று வெட்ட வேண்டும். முதலில் 'சகீதானவர்கள்' என்று வெட்டிவிட்டார். பள்ளிவாசல்காரர் திருத்தச் சொன்னபோது அவர் உளியைத் துடைத்துக்கொண்டு, "உங்கட எழுத்து என்ட உளிக்குப் பழக்கமில்ல தம்பி. பொறுங்க, பழக்குவம்" என்றாராம். ஆதம்பாவா மச்சான் இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். ராத்தாவும் சிரித்தாள். நாலு பெயரைப் பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

கல் பதித்த நாளில் ஆண்கள்தான் போனார்கள். நாங்கள் வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சி அனுப்பினோம்.

கடல் வந்த நாள்

அந்தக் கல்லை ராத்தா முதன்முதலில் கண்டது சுனாமிக் கடல் வந்த அன்று.

எங்கள் தெரு முனைக்குத் தண்ணீர் வந்தபோது நாங்கள் மேற்கே ஓடிக்கொண்டிருந்தோம். ராத்தா ஒரு கையில் றிஸ்வானாவைப் பிடித்திருந்தாள். பிள்ளைக்கு அப்போது பள்ளிக்கூட வயது. வட்டை றோட்டு முழுக்கச் சனம். செருப்பில்லாமல், முக்காடில்லாமல், சேறு பூசிய உடம்போடு. மருதமர நிழலில் வந்து விழுந்தோம். அதற்கு மேல் நடக்க யாருக்கும் சக்தியில்லை.

தாங்கியில் இருந்த தண்ணீர் வெயில் ஏறுமுன்பே முடிந்தது. ஆதம்பாவா மச்சான் உழவு மெசினில் பீப்பாய்களை ஏற்றிச் சம்மாந்துறைப் பக்கமிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து மற்ற மெசின்காரரும் இறங்கினார்கள். எங்கே கொண்டுபோவது என்று கேட்கிறவருக்கு, "நாலு பேர் கல்லடிக்கு" என்று சத்தம் வைத்தார்கள். அந்தப் பெயர் அன்றைக்குத்தான் நிலைத்தது.

ராத்தா கல்லோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மச்சான் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தாள். றிஸ்வானா குடித்துவிட்டு எழுந்து கல்லில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாலு பெயரையும் வாசித்து முடித்தாள்.

"வாப்பாட பேர் எங்கம்மா?"

"வாப்பா இதில இல்ல மகள்."

"அப்ப வாப்பா மவுத்தில்ல" என்றாள் பிள்ளை. கேள்வியாக அல்ல, நல்ல செய்தி ஒன்று கிடைத்தது போல.

ராத்தா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆதம்பாவா மச்சான் வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனார்.

பெண்ணைக் கொடுக்கும் உரிமை

றிஸ்வானாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தோம். பொடியனுக்கு ஊர் நற்பிட்டிமுனை. நல்ல குணம். எல்லாம் சுமுகமாகப் போய், நிக்காஹ்வுக்கு வலி யார் என்ற இடத்தில் நின்றது.

எங்கள் மார்க்கத்தில் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க ஆண்வழிப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவரைத்தான் வலி என்போம். முதல் உரிமை வாப்பாவுக்கு. அவர் மவுத்தாகியிருந்தால் வாப்பாவின் வாப்பா, கூடப் பிறந்த ஆண் என்று வந்து, வாப்பாவின் தம்பியான சாச்சாவுக்கு வரும். றிஸ்வானாவுக்கு வாப்பாவின் வாப்பாவும் இல்லை, ஆண் சகோதரமும் இல்லை. ஆகவே சாச்சாவான ஆதம்பாவா மச்சான்.

ஆனால் வாப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாவிட்டால்? மார்க்க நீதிபதியான காதியார் வீட்டுக்கு வந்து பொறுமையாக விளக்கினார். அப்படியானால் சாச்சா நிற்க ஏலாது, காதி என்ற முறையில் தானே வலியாக நிற்க வேண்டும் என்றார். எதுவென்று பெண்ணின் உம்மாவான ராத்தாதான் சொல்ல வேண்டும்.

ராத்தா கதவு மறைவில் நின்றாள். முன்கூடத்தில் ஆதம்பாவா மச்சான் இருந்தார். அவர் காதியாரைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினார்.

"மதினி, காக்கா மவுத்தாகணும் எண்டு நான் கேக்கல்ல. அவர்ட இடத்தில நிக்கணும் எண்டு கேக்கிறன். அவ்வளவுதான்."

அந்தப் பிள்ளை பிறந்தபோது காதில் பாங்கு சொன்னவர் அவர். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப் போனவர் அவர். காய்ச்சல் வந்தால் ஆசுபத்திரி வாங்கில் காத்திருந்தவரும் அவர்தான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். ராத்தாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

 அவள் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. 'மவுத்து' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன்.

"காதியாரே நிக்கட்டும்" என்றாள்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நிக்காஹ் அன்று அவர் வராமல் விட்டுவிடுவாரோ என்று பயந்தோம். வந்தார். விடியக்காலையிலேயே வந்து புரியாணிக் கிடாரத்தடியில் நின்றார். பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளைத் தானே தூக்கினார். நிக்காஹ் வாசகம் சொல்லப்பட்ட நேரம் மட்டும் அவர் முன்கூடத்தில் இல்லை. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்ததை நான் சமையல்கட்டிலிருந்து கண்டேன். நெடுநேரம் கழுவினார்.

உடைந்த கல்

இப்போது வட்டை றோட்டு கிறவல் இல்லை. அகலப்படுத்தித் தார் போட வந்தார்கள். தாங்கியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும் என்றார்கள். கல்லைப் பெக்கோ மெசினால் மெதுவாகத்தான் தூக்கினார்கள். ஆனாலும் அது குறுக்காக இரண்டாகப் பிளந்துவிட்டது. புதுக்கல் வெட்டுவது என்று பள்ளிவாசலில் தீர்மானித்தார்கள்.

அதாவது பெயர்களை மறுபடி எழுத வேண்டும்.

ஆதம்பாவா மச்சானுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து இடது கை வழங்குவதில்லை. நாக்கும் கொஞ்சம் தடிப்பு. கல் உடைந்த செய்தி வந்து நாட்கள் போயும் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ராத்தா தினமும் வாசலைப் பார்த்தாள். ஒரு காலை, சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வா, தம்பிட வீட்ட போயிட்டு வருவம்."

மச்சான் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். ராத்தா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவர் மனைவி தேத்தண்ணீர் வைத்தா. குடித்து முடிக்குமட்டும் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தார்கள்.

"தம்பி" என்றாள் ராத்தா, "புதுக் கல்லில காக்காட பேரையும் போடச் செல்லுங்க."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு சொல்லாகத்தான் அவருக்கு வந்தது.

"வேணாம் மதினி. நாலு பேர்தான் எண்டு நான் பள்ளிக்குச் செல்லி அனுப்பிட்டன்."

"என்னத்துக்கு?"

"நிக்காஹ்வுக்கு முதல் காதியார் வந்தண்டைக்கு நீங்க அந்தச் சொல்லச் செல்லல்ல. எனக்குச் சரியான கோவம். ஆரிட்டயும் காட்டல்ல. பிறகுதான் யோசிச்சன். இந்த ஊரில காக்காவ உசிரோட வச்சிரிக்கிற ஆள் நீங்க ஒராள்தான். அதையும் நான் பறிச்சா அவருக்கு ஆரு இரிக்கா?"

ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது நான் கண்டது குறைவு.

"நீங்க ஒரு இடம் கேட்டீங்க, நான் தரல்ல" என்றாள். "என்ட புள்ளய, வயல, எல்லாத்தையும் பாத்தீங்க. ஒங்கட காக்காவுக்கு எண்டு நிண்டு துஆக் கேக்க ஒங்களுக்கும் ஒரு இடம் வேணும்தானே. எனக்காக இவ்வளவு காலம் பொறுத்திட்டீங்க. போடுங்க."

"நீங்க மனசில்லாமச் செல்றீங்க. அப்பிடி ஒரு பேர் எனக்கு வேணாம்."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க வந்து, இரண்டு பேரும் வாங்க மறுத்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் ஐஸ்கிறீம் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

ராத்தாதான் மறுபடி பேசினாள். "பேர் எனக்குக் குத்தல்ல தம்பி. மேல இரிக்கிற சொல்லுத்தான் குத்துது. ஷஹீதானவர்கள் எண்டு இரிக்கி. அவர் ஆனாரா இல்லயா எண்டு எனக்கும் தெரியா, ஒங்களுக்கும் தெரியா. எங்களுக்குத் தெரிஞ்சது, அஞ்சு பேரும் ஒண்டாப் போனாங்க எண்டதுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "'வட்டைக்குப் போனவர்கள்' எண்டு போட்டா என்ன?"

மச்சான் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"மத்த நாலு குடும்பமும் ஓம் எண்டு செல்லணுமே" என்றார்.

அது சின்ன விஷயம் இல்லை. ஷஹீத் என்ற சொல்தான் அந்த வீடுகளுக்கு இத்தனை வருடம் ஆறுதல். அதை எடுத்துவிடு என்று யார் போய்க் கேட்பது? ராத்தாவே போனாள். நானும் கூடப் போனேன். இரண்டு வீட்டில் யோசித்துச் சம்மதித்தார்கள். ஒரு வீட்டில் மகன் முகம் சுளித்தான், பிறகு அடங்கினான். கடைசியாகச் சுபைதா மாமி வீடு. அந்த நாலு பேரின் மனைவிமாரில் இன்று உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான். இத்தா இருந்த காலத்தில் ராத்தாவைப் பற்றி அதிகம் கதைத்ததும் அவர்தான் என்று கேள்வி.

மாமி கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

"என்ட மனிசன் ஷஹீத் எண்டது அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். "கல்லுக்குத் தெரியத் தேவல்ல. உன்ட மனிசனும் அவரோட ஒண்டாப் போனவர்தானே. பக்கத்தில எழுது புள்ள."

புது இடம்

இந்த முறை பெண்களும் போனோம். உழவு மெசினின் பின்பெட்டியில் பாய் விரித்து ஏறிப் போனோம். தார் றோட்டு வெயிலில் மணத்தது. வயல் கதிர் விட்டு நின்றது. தாங்கியும் கல்லும் றோட்டிலிருந்து சற்றுப் பின்னால், புதுச்சுண்ணாம்பு பூசி நின்றன. றிஸ்வானா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். கல்லில் வாப்பாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். 

ஐந்து பெயர் வந்துவிட்டதால் இடத்தின் பெயர் மாறும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அன்று அங்கே நின்றபடியே மெசின்காரர் போனில் யாருக்கோ, "நாலு பேர் கல்லடியில நிக்கிறன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

துஆ என்ற பிரார்த்தனை கேட்க வந்த மௌலவி இளவயதுக்காரர். அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மவுத்தானவர்களுக்குக் கேட்கும் துஆ வேறு, காணாமல் போனவருக்குக் கேட்கும் துஆ வேறு. ஆதம்பாவா மச்சானிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஒரு பொதுத் துஆக் கேளுங்க மௌலவி" என்றார் மச்சான். "மிச்சத்த அவங்கவங்க மனசில கேக்கட்டும்."

எல்லோரும் கையேந்தினோம். ஆமீன் சொல்லி முடிந்ததும் சனம் குழாயடிக்குக் கலைந்தது. மச்சான் பிரம்பை ஊன்றிக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ராத்தா ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள். அவர் வலது கையில் பிரம்பு இருந்தது. ராத்தா பிரம்பை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் குடித்து முடித்தார்.

"என்னத்தக் கேட்டீங்க மதினி?"

"அவர் வாறதுக்குத்தான் கேட்டன். நீங்க?"

மச்சான் வயல் பக்கம் பார்த்தார்.

"நான் ரெண்டையும் கேட்டன்" என்றார்.